கேஸ் பொருள்: ஒரு லேடீஸ் சைக்கிள்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "மாதையா" என்று ஒரு சத்தம் போட்டுப் பாருங்கள். டீ குடிப்பவர், பீடி பற்ற வைப்பவர், பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கியவர் என்று மூலைக்கு ஒருவர் திரும்பிப் பார்ப்பார். மலைமேல் இருக்கிற சாமியின் பெயர் அது. மாநில எல்லை தாண்டிப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்து பிள்ளைக்கு வைப்பார்கள். மாதேஷ், மாது, மாதப்பன், மாதம்மாள் என்று வீட்டுக்கு ஒன்று இருக்கும். கோர்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் இது இருந்திருக்காது.

நான் இந்த மாவட்டத்தில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேஸ் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த ஊர்க் கோர்ட் என்று சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். போலீஸ் கைப்பற்றிக் கொண்டுவருவதை வழக்கு முடியும் வரை வைத்திருந்து, உத்தரவு வந்ததும் உரியவரிடம் கொடுப்பது என் வேலை. அரிவாள், சாராயக் கேன், சீட்டுக்கட்டு, ரத்தம் காய்ந்த லுங்கி, ஒருமுறை முகூர்த்தப் புடவைகூட வந்தது. அணைக்க மறந்து அனுப்பிய செல்போன் சில சமயம் பீரோவுக்குள்ளே அடிக்கும். திரையில் 'அம்மா' என்று வரும். எடுக்கக் கூடாது. சார்ஜ் தீர்கிற வரை அடித்துவிட்டு நின்றுவிடும். அந்த அறையில்தான் நான் மதியச் சாப்பாடு சாப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நீங்களும் ஆரம்பிக்காதீர்கள், சர்வீஸ் முழுக்கப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு முசுடு. முதல் வாரம் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஜட்ஜ் வாயால சொன்னது உத்தரவு இல்லம்மா. கையெழுத்துப் போட்ட காகிதம் உன் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு குண்டூசியக்கூட வெளிய விடாத." அப்போது எனக்கு அது வெட்டி வீம்பாகத் தெரிந்தது. அவருக்கு வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சில்லறை வழக்குகளின் நாள். ஹெல்மெட் போடாதவர், குடித்துவிட்டு ஓட்டியவர், சீட்டாடியவர் என்று வராண்டாவில் நிற்க இடமில்லை. இடுப்பில் குழந்தை, கையில் மஞ்சள் பை, காலடியில் தண்ணீர் பாட்டில். இந்த மாதிரி நாளில் ஒரு வழக்குக்குக் கிடைக்கும் நேரம், ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்தான். குற்றத்தைப் படித்துக் காட்டுவார்கள், ஒத்துக்கொள்வார், அபராதம், போகலாம்.

அந்த வரிசையில் ஒரு சைக்கிள் கேஸ் இருந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் ஒருவர் எதிர்த் திசையில் சைக்கிள் ஓட்டி வந்தாராம். எதிரே பைக்கில் வந்த பையன் விலகப் போய் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். பெரிய காயமில்லை. கூட்டம் கூடிவிட்டதால் போலீஸ் கேஸ் போட்டு, சைக்கிளையும் எடுத்துக்கொண்டது. சிவப்பு நிற லேடீஸ் சைக்கிள். கேரியரில் பழைய புடவையை மடித்துத் தைத்த மெத்தை ஒன்று கட்டியிருந்தது. என் அறைக்குள் இடமில்லாததால் வெளியே வேப்பமரத்தடியில் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்தேன்.

"மாதையன், மாதையன், மாதையன்" என்று வாசலில் நின்று கூப்பிட்டார் எங்கள் ஆபீஸ் உதவியாளர். முறைப்படி அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். காலையிலிருந்து கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்து கூண்டில் ஏறினார். கேஸ் பொருள் இருப்பதால் நானும் உள்ளே இருந்தேன்.

பெஞ்ச் கிளார்க் மூச்சு விடாமல் கேட்டார். "சர்வீஸ் ரோட்டுல எதிர்த் திசையில வண்டி ஓட்டிட்டு வந்தது உண்மைதானா?"

"உண்மைதாங்க."

"கைப்பற்றின சைக்கிள திருப்பி வாங்கிக்கிறீங்களா?"

"சைக்கிளா? சைக்கிள் என்னுது இல்லீங்க."

நீதிபதி அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கையில் அடுத்த கட்டு வந்துவிட்டது. அபராதம், சைக்கிளை உரிமை கோரவில்லை, ஏலத்தில் விடலாம் என்று சொல்லி முடித்தார். இளம் வயது, நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. பழைய சைக்கிளுக்காக இன்னொரு நாள் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்று பொருளைக் கைகழுவிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், அன்றைக்கு மதியமே எங்கள் வளாகத்தில் ஏலம் இருந்தது. துருப்பிடித்துப் போன பைக்குகளையும் தகரங்களையும் எடுக்கக் காயலாங்கடைக்காரர் மினி லாரியோடு வந்து நின்றார். ஏறக்குறைய எல்லாம் ஏறிவிட்டன. தலைமை எழுத்தர் என்னைப் பார்த்து, "அந்த லேடீஸ் சைக்கிளையும் ஏத்தி வுட்ருங்கம்மா. இதுக்குன்னு தனியா ஒரு ஏலமா போடப் போறோம்?" என்றார்.

"ஆர்டர் இன்னும் கைக்கு வரலைங்க சார்."

"சாயந்திரம் வந்துரும். அந்தாளே என்னுது இல்லைன்னுட்டுப் போயிட்டான். நீங்க வேற."

லாரிக்காரருக்குப் பொறுமையில்லை. இஞ்சினை அணைக்காமல் நின்றார். ஏற்றுகிற ஆள் சைக்கிளின் ஹேண்டில்பாரில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். சாவி என் இடுப்பில் இருந்தது. தலைமை எழுத்தர் எனக்கு மேலதிகாரி. ஒரு ஓட்டைச் சைக்கிளுக்காக அவரோடு முட்டிக்கொண்டால் மறுநாள் முதல் லீவு கேட்பதற்குக்கூட யோசிக்க வேண்டும். எனக்கு அந்தச் சைக்கிள்மேல் பிரியமும் கிடையாது, சந்தேகமும் கிடையாது. அந்த முசுடின் குரல் மட்டும்தான் காதில் கேட்டது. "காகிதம் வராம சங்கிலியக் கழட்ட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். "இந்தம்மாவுக்குப் புருஷன் புள்ளை இருந்தா இந்த வீம்பு இருக்காது" என்று அவர் யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார். வலித்தது. லாரி சைக்கிள் இல்லாமல் போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு மீண்டும் கோர்ட் கூடியது. "மாதையன், மாதையன், மாதையன்."

இந்த முறை வந்தவர் ஐம்பது தாண்டிய ஒல்லியான மனிதர். சலவைக்குப் போட்டு எடுத்த சட்டை, ஒரு பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். கூண்டில் ஏறி, எல்லா மூலைக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"மொபட்ட எதிர்த் திசையில ஓட்டிட்டு வந்தது உண்மைதானா?" என்றார் பெஞ்ச் கிளார்க்.

"இல்லீங்க. எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. மொபட் ஓட்டத் தெரியாமதான் ரோட்டுக்கு வந்தீங்களா?"

"மொபட்டும் தெரியாதுங்க. சைக்கிளும் தெரியாதுங்க. எதுவுமே ஓட்டத் தெரியாதுங்க."

கோர்ட்டே சிரித்தது. வக்கீல்கள் சிரித்தார்கள், போலீஸ்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். நீதிபதி அம்மா மட்டும் சிரிக்காமல் பேனாவை மூடி வைத்தார்.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"சைக்கிள் ஓட்டுனேன்னு கேஸுங்க மேடம். காலையில இருந்து உக்காந்திருக்கேன்."

"காலையில மாதையன்னு கூப்பிட்டாங்களே. ஏன் வரலை?"

"எந்திரிச்சேனுங்க. எனக்கு முன்னால வேற ஒருத்தர் எந்திரிச்சுப் போனாரு. அவரும் மாதையன்தான் போலன்னு உக்காந்துக்கிட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. நீதிபதி அம்மா காலையில் முடிந்த கட்டைத் திரும்ப எடுத்துவரச் சொன்னார். நல்லவேளை, அவர் கையெழுத்துப் போட எடுத்து வைத்திருந்த கட்டுகளில் அது அடியில் கிடந்தது. இரண்டு மாதையனுக்கும் அப்பா பெயர் வேறு, ஊர் வேறு. மொபட் மாதையன் சைக்கிள் மாதையனின் குற்றத்தை ஒத்துக்கொண்டு, அபராதத்தையும் கட்டிவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்திருந்தார். போனில் பிடித்துக் கேட்டபோது, "நான்தான் ஒத்துக்கிட்டேனே, இன்னும் என்னங்க? யாரோ சைக்கிளத் தூக்கி என் தலையில கட்டப் பாத்தீங்க, அத மட்டும் வேணாம்னேன்" என்று அவர்தான் எங்களைத் திட்டினார்.

நீதிபதி அம்மா அந்த உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டு, கூண்டில் நின்றவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "போலீஸ் ஸ்டேஷன்ல இத ஏன் சொல்லலைங்க?"

"ஒரே கூட்டமா நின்னாங்க மேடம். ஆம்பளைக்குச் சைக்கிள் தெரியாதுன்னு அத்தனை பேரு முன்னால எப்படிங்க சொல்றது?"

"இப்ப இங்கயும் கூட்டம்தானே?"

"இப்ப சைக்கிள் வேணுமுங்க மேடம். அது என் சம்சாரத்தோடதுங்க."

பிறகு கேட்டுக் கேட்டு வாங்கியது இதுதான். அவர் மனைவி பூ விற்றவர். கடத்தூர் பக்கம் தெருத் தெருவாக அந்தச் சைக்கிளில் போவார். மனைவி மிதிப்பார், இவர் கேரியரில் உட்கார்ந்து, மடியில் கூடையை வைத்துப் பூ கட்டிக்கொண்டே வருவார். ஊரே கேலி செய்யும். இவருக்குக்கூட ஊரில் தனிப் பெயர் கிடையாது, பூக்காரம்மா வூட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மா காய்ச்சலில் படுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. இவர் நல்லம்பள்ளிப் பக்கம் அண்ணன் வீட்டு ஓரத்தில் ஒரு அறையில் தங்கி, கேரியரில் கூடையைக் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ப் பூ விற்றார். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும் என்று ரோட்டின் வலப்பக்க ஓரமாக நடப்பார். அன்றைக்கும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறார்.

"தள்ளிட்டு வந்தா அவர் நடந்து வர்றவர்தானே? நடந்து வர்றவர் எதிர வர்ற வண்டியப் பாத்து ஓரமா வர்றது எந்தச் சட்டத்துல தப்பு?" என்று அரசு வக்கீலைக் கேட்டார் நீதிபதி அம்மா. அவர் கேஸ் கட்டைப் புரட்டினார். 'ஓட்டி வந்து' என்று எழுதியிருந்ததே தவிர, ஏறி மிதித்ததைப் பார்த்ததாக யாரும் சொல்லியிருக்கவில்லை. குற்றத்தை மறுக்கிறார் என்று பதிவு செய்து, விசாரணைக்கு வேறு தேதி போட்டார்கள். அந்தத் தேதியில் கீழே விழுந்த பையன் வந்து, "தள்ளிட்டுத்தான் வந்தாரு மேடம், என்னை யாரும் அதக் கேக்கல" என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போனான். விடுதலை. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

அன்று சாயங்காலமே, கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும், விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சைக்கிளை அவரிடம் கொடுக்க உத்தரவானது. "விக்கிறதாங்க?" என்று ஏதோ கெட்ட வார்த்தை கேட்டவர் மாதிரி கேட்டார். இந்த முறை காகிதம் கையெழுத்தோடு என் கைக்கு வந்தது. இனி அடையாளம் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஏற்கெனவே ஒரு மாதையன் மாறிப்போன நாள். சும்மா கொடுத்துவிட முடியாது. தலைமை எழுத்தர் வேறு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். சைக்கிள் தெரியாதபடி மாதையனை என் அறைக்குள் உட்கார வைத்துக் கேட்டேன்.

"என்ன கம்பெனி சைக்கிள்?"

"தெரியாதுங்க."

"பெல் எந்தப் பக்கம் இருக்கும்?"

யோசித்தார். "மணி அடிக்கும்ங்க. எந்தப் பக்கம்னு பாத்ததில்லீங்க."

"முன்னால கூடை இருக்கா, இல்லையா?"

"தெரியலீங்க."

தலைமை எழுத்தர் தொண்டையைச் செருமினார். இதுவும் தப்பான ஆளோ? தன் வீட்டுச் சைக்கிளில் பெல் எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர் உண்டா? தள்ளிக்கொண்டு நடந்தவர், ஹேண்டிலைப் பிடித்தவர். "எதுவுமே தெரியாதுன்னா எப்படிங்க குடுக்கிறது?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தள்ளும்போது நான் ரோட்டப் பாப்பேனுங்க. அத்தனை வருசமும் நான் பாத்தது பின்னாடிதாங்க மேடம். சீட்டுக்கு அடியில ரெண்டு ஸ்பிரிங் இருக்கும். இடது பக்கத்து ஸ்பிரிங்குல ஒரு பச்சைத் துணி சுத்தியிருக்கும். அவ சேலை மாட்டிக்குதுன்னு நான்தாங்க சுத்துனேன். கேரியர் கம்பியில பூ கட்டுற நூல் கொஞ்சம் சுத்திக் கெடக்கும். சீட்டோட பின்பக்கம் நடுவுல தேஞ்சு வெள்ளையா இருக்கும். நான் புடிச்சுக்கிற எடமுங்க."

போய்ப் பார்த்தேன். பச்சைத் துணி இருந்தது. நூல் இருந்தது. சீட்டின் பின்புறம் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து வெளுத்திருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் பொய். பொறாமைதான் வந்தது. இப்படிப் பிடித்துக்கொண்டு போக எனக்கு ஒரு இடம் இருந்ததில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கையெழுத்து வாங்கினேன். தலைமை எழுத்தர் உள்ளே போனார். போகும்போது டயரை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்து, "காத்து இல்லை" என்று மட்டும் சொன்னார்.

மாதையன் தோளில் கிடந்த துண்டால் சீட்டைத் துடைத்தார். என் வாய் சும்மா இருக்காது, கேட்டுவிட்டேன். "ஏறிப் பழகிக்கலாமில்லைங்க? இவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டே போறதுக்கு?"

"பழகலாமுங்க" என்றார். "சீட்டு அவளுதுங்க. நம்ம எடம் பின்னாடிங்க."

கேட்டைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைக் கடந்து, வலப்பக்க ஓரத்துக்குப் போய், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி தள்ளிக்கொண்டு போனார். சீட்டிலும் ஆள் இல்லை, கேரியரிலும் ஆள் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். காகிதம் கைக்கு வராமல் பொருளை விடாதீர்கள், மேலதிகாரி முறைத்தாலும் சரி. பெயரைக் கூப்பிடும்போது அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். தொண்டை கட்டினால் கொஞ்சம் வெந்நீர் குடியுங்கள். முக்கியமாக, கூப்பிட்டதும் எழுந்து வருகிறவரை மட்டும் பார்க்காதீர்கள். எழப் போய் மறுபடி உட்கார்ந்துவிட்டவர் யாராவது இருக்கிறாரா என்றும் பாருங்கள். வாதாடுகிறவன் எப்படியும் உள்ளே வந்துவிடுவான். நமக்கு இல்லை போல என்று உட்கார்ந்துகொள்கிறவர்களைத்தான் நாம் தொலைத்துவிடுகிறோம்.

இதை எனக்கு இப்போது யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் பெயரைக் கூப்பிட ஆளில்லை. பேங்கில் டோக்கன் நம்பர், ரேஷன் கடையில் கார்டு நம்பர். பால்காரருக்கு நான் மாடி வூட்டம்மா. சமீபத்தில் கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போன நேரத்தில், உள்ளேயிருந்து "மாதம்மாள்" என்று கூப்பிட்டார்கள். எழப் போனேன். எனக்கு முன்னால் இன்னொரு அம்மா எழுந்துவிட்டார். கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள அவருக்கு மகள் இருந்தாள். சரி, அவர்தான் போலிருக்கிறது என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த நர்ஸ் பெண் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள், பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தாள். "மாதம்மாள்னு வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள், அதனால்தான் தண்ணீர் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இருக்கேம்மா" என்றேன்.